ஒரு நோய்க்கு ஒரு ஆள்

திங்கட்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு டவுன் பஸ் டிரைவர் தன் மனைவியை மருத்துவமனை எடை மேடையில் ஏற்றி நிறுத்தினார். முள் ஐம்பத்தொன்றரையில் போய் நின்றது. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து இறங்கியபோது நாற்பத்தொன்பதரைதான்.

"ரெண்டு கிலோ ஏறியிருக்கு. தண்ணி குடிச்சியா?"

"குடிக்கல. ஐஸ் கட்டிதான் வாயில போட்டுக்கிட்டேன்."

"எத்தனை?"

"கணக்கு டீச்சர்கிட்டயே கணக்குக் கேக்கறீங்களா?"

அவள் ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும், ஒன்றுக்கொன்று சொல்லி வைத்துக்கொண்டதுபோல, ஒரே மாதத்தில் வேலையை விட்டுவிட்டன. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி, நாளுக்கு நாலு மணி நேரம் இந்த இரண்டாம் மாடி அறையில் படுத்து, இரத்தத்தை வெளியே அனுப்பி வெளுத்து வாங்கிக்கொண்டு போகிறாள். அந்த அறையில் பத்து மிஷின்கள், பத்தொன்பது நோயாளிகள். காலையில் பத்துப் பேர், மதியம் ஒன்பது பேர். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யாருடைய மருமகள் சண்டைக்காரி, யாருக்கு உப்பில்லாமல் சாப்பாடு இறங்காது என்பதுவரை தெரியும்.

அன்றைக்கு அறைக்குள் நுழைந்ததும் டிரைவருக்கு ஏதோ போலிருந்தது. ஒன்பது கட்டில்களில் விரிப்பு கசங்காமல் இருந்தது. மூலைக் கட்டிலில் மட்டும் ஓய்வுபெற்ற தபால்காரர் படுத்திருந்தார். அவருடைய மிஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

நர்ஸ் கணினித் திரையை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். "டீச்சர், உங்க பேரு வரல."

"போன வெள்ளிக்கிழமை வந்துச்சே?"

"வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் வந்துச்சு. இன்னைக்கு இந்த நோய்க்கு அவர் பேரு மட்டும்தான் வருது. திரையில நம்பர் வந்தாத்தான் ஸ்டோர்ல ஃபில்டர் குடுப்பாங்க. ஃபில்டர் இல்லாம நான் எதை மாட்டறது? கீழே போய்ப் பதிவுல கேளுங்க."

டிரைவர் கீழே ஓடினார். பதிவுக் கூடத்தின் வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அதில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த டிவியிலும் அவரே பேசிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை நடந்த விழாவின் பேச்சு அது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி ஏற்பாடு.

"இத்தனை காலமும் நம் கணினியில் நோயாளியைச் சாவியாக வைத்திருந்தோம். ஆளைச் சொன்னால் நோய் வரும். இது அடிப்படைத் தவறு! நோயாளி இன்று இருப்பார், நாளை இருக்க மாட்டார். நோய்தான் நிரந்தரம். ஆகவே சாவி இருந்த இடத்தில் நோயையும், நோய் இருந்த இடத்தில் ஆளையும் மாற்றி வைத்தோம். இனி நோயைச் சொன்னால் ஆள் வருவார். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு இந்த மருத்துவமனையில் நாற்பத்தோராயிரத்து அறுநூறு நோயாளிகள் இருந்தார்கள். நாலு மணி ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேர் தெரியுமா? அறுநூற்றுப் பதினெட்டு! ஒரு ஊசி போடவில்லை. ஒரு மாத்திரை கொடுக்கவில்லை. உலகத்தில் எந்த மருத்துவராவது இதைச் செய்திருக்கிறாரா?"

டிவிக்குள் கைதட்டினார்கள். கூடத்தில் யாரும் தட்டவில்லை. கூட்டம் நெரிந்தது.

ஏழாம் எண் ஜன்னலில் பதிவு எழுத்தர் உட்கார்ந்திருந்தார். டிரைவர் விஷயத்தைச் சொன்னார். எழுத்தர் பொறுமையாகக் கேட்டார்.

"நோய்க்கு ஆள் இருக்கே. தபால்காரர்னு ஒருத்தர்."

"அவரும் இருக்கார், என் மனைவியும் இருக்கா. மொத்தம் பத்தொன்பது பேர் சார்."

"ஒரு சாவிக்கு ஒரு ஆள்தான் நிக்கும். கடைசியா யார் பேர் ஏறிச்சோ அவங்க. முன்னாடி இருந்தவங்க மேல எழுதிக்கும்."

"அப்ப முன்னாடி இருந்தவங்களுக்கு நோய் சரியாப் போச்சா?"

எழுத்தர் திரையைப் பார்த்தார். "அப்படித்தான் காட்டுது."

"சார், அவ மேல மாடியில உக்காந்திருக்கா. ரெண்டு கிலோ தண்ணி ஏறியிருக்கு."

"நான் இல்லைன்னு சொல்லலையே. புதுசாப் பதிவு பண்ணிக்குங்க. இப்பப் பண்ணா இப்ப நீங்கதான் கடைசி."

இவ்வளவு சுலபமா என்று டிரைவருக்கு உயிர் வந்தது. படிவத்தை நிரப்பி நீட்டினார். எழுத்தர் தட்டினார். சீட்டு வெளியே வந்தது. டிரைவர் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடி ஏறினார்.

மேலே தபால்காரரின் மிஷின் வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. நர்ஸ் பதறிப்போய் குழாயில் இருந்த இரத்தத்தை அவர் உடம்புக்கே திருப்பிவிட்டு ஊசிகளைப் பிடுங்கினாள். "அனுமதி ரத்துன்னு வருது. ஐம்பது நிமிஷம்தான் ஓடியிருக்கு."

தபால்காரர் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தார். டிரைவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

"உங்களுக்கு வந்துடுச்சா? போங்க போங்க, டீச்சரைப் படுக்கச் சொல்லுங்க. மூஞ்சி ஊதியிருக்கு பாருங்க."

டிரைவர் மனைவியைக் கைத்தாங்கலாகக் கட்டிலுக்கு அழைத்துப் போனார். மனைவிக்கு ஊசி ஏறிய பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். "நம்ம சீட்டாலதான் அவர் எறங்கினாரா?"

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா செய்வேனா?"

ஒன்றேகால் மணி நேரம் கழித்து அவளுடைய மிஷினும் கத்தியது. கீழே மரக்கடைக்காரர் தன் தம்பியைப் பதிவு செய்திருந்தார். அந்தத் தம்பிக்கு நாற்பது நிமிடம் கிடைத்தது. இப்படியே மதியத்துக்குள் பன்னிரண்டு பேர் படுத்து எழுந்தார்கள். யாருக்கும் பாதி இரத்தம்கூடச் சுத்தமாகவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது அவள் கணக்கை அவருக்குப் புரியும்படி சொன்னாள்.

"ஒரு கிளாஸ்ல பேரைச் சொல்லி மார்க்கைக் கேட்டா எல்லாரும் சொல்லுவாங்க. அதையே திருப்பி, 'முப்பத்தஞ்சு மார்க், எந்திரி'ன்னா? முப்பத்தஞ்சு வாங்கினவங்க பத்துப் பேர் இருப்பாங்க. ஒருத்தர்தான் எந்திரிக்கலாம்னா மத்த ஒன்பது பேரும் பரீட்சையே எழுதல. இது ஆறாம் கிளாஸ் பசங்களுக்குக்கூடத் தெரியுமேங்க."

மறுநாள் டிரைவர் லீவு போட்டார். கணினிப் பிரிவு எங்கே என்று விசாரித்து, துணி வெளுக்கும் அறையைத் தாண்டி, அடித்தளத்தில் கடைசிக் கதவைத் தட்டினார். உள்ளே ஐம்பது வயதுள்ள ஒரு பெண்மணி, ஒரு சக்கரம் இல்லாத நாற்காலியில் சாய்ந்துவிடாமல் உட்காரும் வித்தையைப் பழகி வைத்திருந்தார். நிரல் எழுதுவது அவர்தான். டிரைவர் சொல்லச் சொல்ல, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான்தான் மாத்தினேன். ஒரே வரி. மாத்தறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்தேன், 'ஒரே நோய் நாலு பேருக்கு இருந்தா மூணு பேர் அழிஞ்சு போவாங்க'ன்னு. அதுக்கு மேல, 'மிக்க மகிழ்ச்சி, உடனே செய்க'ன்னு எழுதி வந்துச்சு."

"திருப்பி மாத்திடுங்களேன்மா."

"திருப்பினா அந்த அறுநூத்திப் பதினெட்டுப் பேர்தான் திரும்பி வருவாங்க. மத்தவங்க இல்லையே, எங்கேயிருந்து வருவாங்க?"

"பழைய நகல் ஒண்ணு வச்சிருப்பீங்கல்ல?"

"வச்சிருந்தேன். அசலும் நகலும் ஒரே மாதிரி இருக்கணும்னு விதி. நகலையும் மாத்தச் சொல்லிட்டாங்க."

டிரைவர் சுவரில் சாய்ந்துகொண்டார். பெண்மணி குரலைத் தாழ்த்தினார்.

"வழி இருக்கு. ஒரு சாவிக்குள்ள ஒரு ஆளை வைக்காம, ஒரு பட்டியலை வைக்கணும். எத்தனை பேர் வந்தாலும் அதுல வரிசையா உக்காருவாங்க. மூணு வரிதான். எழுதியே வச்சுட்டேன். கண்காணிப்பாளர் ஒப்புதல் குடுத்தா அடுத்த நிமிஷம் ஓடும்."

"கோப்பு அனுப்பினீங்களா?"

"அனுப்பினேன். அவர்கிட்டப் போய்ச் சேரல. கோப்புகளையும் அதே மாதிரி திருப்பிட்டாங்க. முன்னாடி கோப்பைச் சொன்னா அதிகாரி வருவார். இப்ப அதிகாரியைச் சொன்னா கோப்பு வரும். ஒரு அதிகாரிக்கு ஒரு கோப்பு. கடைசியாப் போனது."

"கடைசியாப் போனது என்ன?"

"வாசல் திரைச்சீலைக்கு என்ன கலர் போடலாம்னு."

டிரைவர் நேராகவே கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனார். உள்ளே விடுவதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அறை குளுகுளுவென்று இருந்தது. அகலமான மேஜையில் ஒரே ஒரு கோப்பும் மூன்று துண்டுத் திரைச்சீலைத் துணியும் கிடந்தன.

"பாத்தீங்களா?" என்று கண்காணிப்பாளர் மேஜையைக் காட்டினார். "முன்னாடி இதுல முந்நூறு கோப்பு கிடக்கும். நிமிர்ந்து பாக்க முடியாது. இப்ப ஒண்ணு. நிர்வாகம்னா இதுதான். சொல்லுங்க, என்ன நோய்?"

"எனக்கு இல்ல சார், என் மனைவிக்கு. சிறுநீரகம் ரெண்டும் போயிடுச்சு. நேத்து டயாலிசிஸ் பாதியில நின்னுடுச்சு. இப்ப மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது."

கண்காணிப்பாளர் தன் கணினியில் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அந்த நோய்க்கு ஆள் இருக்காங்களே. தொடர்ந்து சிகிச்சை நடக்குது. இன்னைக்குக் காலையிலகூட."

"அது வேற ஆள் சார்."

"நோய் அதுதானே?"

"நோய் அதுதான் சார். ஆனா என் மனைவி..."

"நீங்க ஒரு ஆளைப் பத்திப் பேசறீங்க. நான் நோயைப் பத்திப் பேசறேன். ஏன்னா நான் டாக்டர்." அவர் கோபப்படவே இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "உணர்ச்சிவசப்படாம யோசிங்க."

"கீழே கணினி அம்மா மூணு வரி எழுதி வச்சிருக்காங்க சார். நீங்க சரின்னு சொன்னா போதும்."

"தெரியும், வாய்மொழியாச் சொன்னாங்க. அந்த மூணு வரியைப் போட்டா என்ன ஆகும் தெரியுமா? நாப்பத்தோராயிரம் பேருக்கு ஒரே வாரத்துல மறுபடியும் நோய் வந்துடும். நாப்பத்தோராயிரம் பேர்! என் கையால அந்தப் பாவத்தைச் செய்யச் சொல்றீங்களா?" அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. பிறகு டிரைவரின் முகத்தைப் பார்த்து இரங்கினார். "ஒண்ணு செய்யலாம். ஆள் இல்லாத நோய் சிலது பட்டியல்ல காலியா இருக்கு. உங்க வீட்டம்மாவுக்கு அதுல எது பொருந்துதுன்னு பாருங்க. நான் சிபாரிசு பண்றேன்."

டிரைவர் வெளியே வந்து நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றார். எந்தப் பக்கம் போனால் வாசல் வரும் என்பது மறந்துபோயிருந்தது.

புதன்கிழமைக்குள் விஷயம் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஜன்னல் மதியம் ஒரு மணிக்கு மூடும். அதற்கு முன்னால் கடைசியாக யார் பெயர் ஏறுகிறதோ அவர் மறுநாள் காலை ஏழு மணிவரை நோயாளி. யாரும் அவர்மேல் எழுத முடியாது. நாலு மணி நேரமும் முழுசாகப் படுக்கலாம்.

இருபத்திரண்டு வருடமாக டிரைவர் தன் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்து வந்தது, முதலில் ஏறுவதற்காக ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளும் கூட்டத்தை. அன்றைக்கு ஏழாம் ஜன்னலுக்கு முன்னால் அவர் பார்த்த கூட்டம் வேறு மாதிரி. பத்தொன்பது குடும்பம் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நின்றது. ஜன்னலுக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

"நீங்க போங்க சார்."

"ஐயோ, உங்களுக்கு முன்னாடி நானா? நீங்க வயசுல பெரியவங்க."

"வயசுல என்ன இருக்கு? நீங்க அவசரமா வந்திருக்கீங்க, போங்க."

இதய நோய்க்காரர்கள் ஒரு பக்கம், சர்க்கரைக்காரர்கள் ஒரு பக்கம் என்று கூடம் முழுவதும் இதே மரியாதைதான். பெற்ற தகப்பனுக்குக்கூட வழிவிடாதவர்கள் அடுத்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டு முன்னால் அனுப்பப் பார்த்தார்கள். எழுத்தர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கெஞ்சினார். "யாராவது வாங்க! காலையிலேர்ந்து சும்மா உக்காந்திருக்கேன்."

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு மரியாதை முடிந்தது. சுவரிலிருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஜன்னல்மேல் விழுந்தார்கள். டிரைவரும் விழுந்தார். முழங்கையால் ஒருவரின் விலாவில் குத்தினார். மரக்கடைக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். படிவத்தை நீட்டிய கை ஜன்னலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது, குள்ளமான யாரோ அவர் கைக்குக் கீழே குனிந்து நுழைந்து தன் படிவத்தை உள்ளே தள்ளினார்கள். ஷட்டர் இறங்கியது.

திரும்பிப் பார்த்தபோது அது தபால்காரரின் மனைவி என்று தெரிந்தது. மூச்சு வாங்க, தலைமுடி கலைந்து, யார் முகத்தையும் பார்க்காமல் அந்த அம்மாள் மாடிப்படியை நோக்கி ஓடினார்.

டிரைவரின் மனைவி கூடத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கி, செருப்பு வார் நுழையாமல் அதைப் பக்கத்தில் கழற்றி வைத்திருந்தாள்.

"தள்ளினீங்களா?" என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார்.

"நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அந்த மனுஷனுக்கு அன்னைக்கு ஐம்பது நிமிஷம். எனக்கு எழுபத்தஞ்சு. அவங்க முந்தினது நியாயம்தான்."

"நியாயம் பாத்தா நீ செத்துப்போவே."

"சரி, அப்ப நாளைக்கு இன்னும் பலமாத் தள்ளுங்க," என்று சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

வியாழக்கிழமை காலை கூடத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'வரிசையில் கடைசியாக நிற்பதற்காக முண்டியடிப்பது தண்டனைக்குரிய குற்றம். கடைசியாக நிற்க விரும்புவோர் காலை ஏழு மணிக்கே முதல் ஆளாக வந்து தம் விருப்பத்தைத் தெரிவிக்கவும். பலர் விரும்பினால், அவர்களில் கடைசியாக விருப்பம் தெரிவித்தவரே முதலாகக் கருதப்படுவார். இவண், கண்காணிப்பாளர்.' எழுத்தர் அதை நாலு தடவை படித்துவிட்டு, தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டார். அன்றைக்கு ஒருவரும் அசையவில்லை. காவலுக்குப் போலீஸ்காரர் நின்றிருந்தார். ஒரு மணிவரை அடுத்தவர் முதலில் போகட்டும் என்று காத்திருந்தார்கள். ஷட்டர் யாரையும் பதியாமலே இறங்கியது.

வெள்ளிக்கிழமை விடியும்போது டிரைவரின் மனைவிக்குப் படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சில் தண்ணீர் முட்டியது. நாற்காலியில் நேராக உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் படி ஏறுவதுபோல ஏறிக்கொண்டிருந்தாள். டிரைவர் அவளைத் தூக்கிக்கொண்டுதான் மருத்துவமனைக்குள் நுழைந்தார். இன்றைக்கு யாராக இருந்தாலும் கழுத்தை நெரித்தாவது கடைசியில் நிற்பது என்று முடிவு செய்திருந்தார்.

கூடத்தில் தபால்காரர் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். பதினெட்டுக் குடும்பமும் இருந்தது. அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

"டிரைவர் சார், வாங்க. டீச்சரை இங்க உக்கார வைங்க. நேத்து யாரும் பதியல. அதனால இப்பவும் நான்தான் நோயாளி. இன்னைக்கு யாரும் ஜன்னல் பக்கம் போகாதீங்க. நாளைக்கும் போகாதீங்க. எப்பவுமே போகாதீங்க."

"நல்லாருக்கே! நீங்க மட்டும் பொழைச்சுக்கலாம்னு பாக்கறீங்களா?" என்று மரக்கடைக்காரர் எழுந்தார்.

"முழுசாக் கேளுங்க. முப்பத்தஞ்சு வருஷம் கடுதாசி குடுத்தவன் நான். ஒரே கதவு நம்பர்ல ஆறு குடும்பம் இருக்கும். மேல ஒருத்தர் பேர்தான் எழுதியிருக்கும். நான் எதையும் திருப்பி அனுப்பினதில்லை. அந்தக் கதவுல குடுத்துட்டா, உள்ள இருக்கறவங்க அவங்கவங்களுக்கு வேண்டியதை எடுத்துக்குவாங்க. என் பேரு கதவுல இருக்கட்டும். எல்லாரும் என் பேர்ல படுங்க."

"நர்ஸ் ஒத்துக்கணுமே?" என்றார் டிரைவர்.

நர்ஸ் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "எனக்குத் திரையில இருக்கற பேரு மட்டும்தான் தெரியும். ஆள் மொகம் சரியாத் தெரியறதில்லை. கண்ணாடி மாத்தணும், மாத்தணும்னு இருக்கேன்," என்றாள். "டீச்சரை முதல்ல தூக்கிட்டு வாங்க. வேகமா."

அன்றைக்குத் தபால்காரர் பத்தொன்பது தடவை டயாலிசிஸ் செய்துகொண்டார். கடைசித் தபால்காரர் எழுந்தபோது இருட்டிவிட்டது. டிரைவரின் மனைவி மூன்றரை லிட்டர் இறங்கி, நாலு மணி நேரம் கழித்து, விடிந்ததிலிருந்து முதல் தடவையாகக் கால் நீட்டிப் படுத்தாள்.

இப்படியே ஐந்து வாரம் ஓடியது. ஸ்டோரில் ஒருவருக்கு இத்தனை ஃபில்டரா என்று யாரும் கேட்கவில்லை. திரையில் நம்பர் இருந்தது, போதும். தபால்காரரின் எடை காலையில் எண்பத்திரண்டு, பத்து மணிக்கு நாற்பத்தொன்பது, மதியம் அறுபத்தேழு என்று கணினியில் ஏறியது. மற்ற நோய்க்காரர்களும் இதைக் கற்றுக்கொண்டார்கள். எல்லாராலும் முடியவில்லை. கண் பிரிவில் கடைசியாகப் பதிந்திருந்த கிழவர் ஒரு நாள் செத்துப்போனார். 'நோய் முடிந்தது' என்று திரை காட்டியது. அந்த வாரமே அந்தப் பிரிவைப் பூட்டி, கருவிகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வாசலில் கண்புரை ஒழிப்பு விழா நடந்தது. வந்த கூட்டத்தில் பாதிப் பேர் கையைப் பிடித்துக் கூட்டி வரப்பட்டவர்கள்.

ஆறாவது வாரம் மேலிடத்திலிருந்து ஆய்வுக் குழு வந்தது. கண்காணிப்பாளர் அவர்களை டயாலிசிஸ் அறைக்கே அழைத்து வந்தார். இன்னும் ஊசி ஏறாத மற்ற கட்டில்காரர்களை நர்ஸ் அவசரமாகப் பின்பக்கத் துணி அறைக்குள் அனுப்பினாள். டிரைவரின் மனைவி மட்டும் ஊசியோடு மாட்டிக்கொண்டாள்.

"இவர்தான் நம் சிறுநீரக நோயாளி," என்றார் கண்காணிப்பாளர் பெருமையாக. "ஓய்வுபெற்ற தபால்காரர். வயது அறுபத்துமூன்று. ஒரே மனிதருக்கு ஒரே நாளில் பத்தொன்பது முறை சிகிச்சை! முன்பு பத்தொன்பது பேருக்கு ஒரு தடவை கொடுத்தோம். எது உயர்ந்த சேவை என்று நீங்களே சொல்லுங்கள்."

குழுவில் ஒருவர் கட்டிலைப் பார்த்தார். தலையணைமேல் நீளமாகக் கிடந்த பின்னலைப் பார்த்தார். காதிலிருந்த தோட்டைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். திரையில் 'ஆண்' என்று தெளிவாக இருந்தது. அவர் நிம்மதியாகக் குறித்துக்கொண்டார்.

"ஐயா, எப்படி இருக்கீங்க?" என்றார் கண்காணிப்பாளர், குனிந்து.

"உங்க புண்ணியத்துல பல பேரா இருக்கேன் சார்," என்றாள் அவள்.

எல்லாரும் சிரித்தார்கள். நோயாளியின் மன உறுதியைக் குழு பாராட்டி எழுதியது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை தபால்காரர் வீட்டில் மயங்கி விழுந்தார். அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்து, மாரடைப்பு என்று பதிந்து, கட்டிலில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது.

செய்தி கேட்டு டிரைவர் ஓடி வந்தார். உடலை வாங்க இறப்புச் சீட்டு வேண்டும். தபால்காரரின் மனைவியோடு அவரும் ஏழாம் ஜன்னலுக்குப் போனார். எழுத்தர் எழுந்து நின்றார். இத்தனை நாளில் அவர் யாருக்காகவும் எழுந்து நின்று டிரைவர் பார்த்ததில்லை.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். அவர் பேரு ரெண்டு நோய்ல இருக்கு. எதுல எறந்தார்னு போடணும்?"

"ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

எழுத்தர் கூடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "மாரடைப்புல மூடினா ஒண்ணும் ஆகாது. அதுக்குத் தினம் ஆள் வருது, இன்னொருத்தர் மேல எழுதிக்குவார். சிறுநீரகத்துல மூடினா, நோய் முடிஞ்சதுன்னு காட்டும். திங்கட்கிழமை லாரி வந்துடும்."

அந்த அம்மாள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? அந்த முதல் திங்கட்கிழமை அரையும் குறையுமா ஓடினதுல இதயத்தைத் தண்ணி அடிச்சிடுச்சாம். அப்புறம் அந்த இதயம் தேறவே இல்லையாம். அதை எழுதணும்னுதான் நான் வந்தேன். யார் படிக்கப் போறாங்க, எனக்குத் தெரியும். ஆனா எங்கயாவது ஒரு காகிதத்துல, இந்த மனுஷன் இதனாலதான் செத்தான்னு இருக்கணும்ல?"

"இருக்கணும்மா," என்றார் எழுத்தர். "நீங்க சொல்றபடிதான் போடுவேன்."

மாரடைப்பு என்று போடச் சொல்லுங்கள் என்று டிரைவருக்குக் காலில் விழத் தோன்றியது. இந்த அம்மாளிடம் அதைக் கேட்க எந்த வாயோடு முடியும்?

"அம்மா, முதல் நாள் அவர் சீட்டு ரத்தானது என்னாலதான். தெரியாமச் செஞ்சேன். ஆனா செஞ்சது நான்தான்."

"அன்னைக்கே சொன்னார்." அந்த அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். "புதன்கிழமை உங்க கைக்கு அடியில நுழைஞ்சது நான். டீச்சர் பெஞ்சில உக்காந்திருந்ததைப் பாத்துக்கிட்டேதான் நுழைஞ்சேன். அதை நான் அவர்கிட்டச் சொல்லவே இல்ல."

டிவியில் கண்காணிப்பாளர் பேசி முடித்தார். கைதட்டல் எழுந்து அடங்கியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"மாரடைப்புன்னு போடுப்பா," என்றார் அந்த அம்மாள்.

எழுத்தர் தட்டினார். சீட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பிறகு திரையில் இன்னொரு பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"சிறுநீரகத்துல இருக்கார்மா," என்றார். "நல்லபடியா இருக்கார்."

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் நடந்தது. பதினெட்டுக் குடும்பமும் வந்திருந்தது.

திங்கட்கிழமை காலை நர்ஸ் கதவருகில் நின்று வழக்கம்போல தபால்காரரின் பெயரைக் கூப்பிட்டாள். டிரைவரின் மனைவி எழுந்து போய்க் கட்டிலில் படுத்தாள். ஊசி ஏறியது. மிஷின் சுற்ற ஆரம்பித்தது.

திரை கேட்ட கேள்வியை நர்ஸ் படித்தாள். "கூட யாராவது வந்திருக்காங்களா?"

டிரைவர் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து பதில் வந்தது.

"வந்திருக்கேன். அவர் சம்சாரம்."

தபால்காரரின் மனைவி உள்ளே வந்தார். டிரைவர் எழுந்து தன் ஸ்டூலை அவருக்கு விட்டார். அந்த அம்மாள் கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சாம்பல் நிறப் போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவருக்கு ரெண்டாவது மணி நேரத்துல கால் சில்லிட்டுப் போயிடும்," என்றார். "உனக்கு எப்படிம்மா?"

"எனக்கு இப்பவே குளிருதுக்கா," என்றாள் டீச்சர்.